எடுத்தனூர் நாயும் என் வழித்துணையும்



'ஊரடங்கு' என்பது நம் நாட்டுப்புறத்தில் நெடுங்காலமாக அமைதியான ஒரு சொல்லாகவே வழங்கி வந்தது. ஊர் அடங்கிய பின் கூத்துத் தொடங்கும். ஊர் அடங்கிய பின் நிலவில் அமர்ந்து பெரியவர்கள் கதை சொல்வார்கள். அச்சொல் அச்சத்தின் சொல்லாக மாறியதை 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டோம். அம்மாதம் 25-ஆம் நாள் தொடங்கி நாடு முழுவதும் அடங்கியது. ஊர் பகலிலும் அடங்கியிருந்த அந்த இளவேனிற் காலத்தில் நாள்தோறும் நான் நடந்த ஒரு நடையைப் பற்றியும், அந்நடையில் எனக்குத் துணையாக வந்த ஒரு நாயைப் பற்றியும், அந்நாய் எனக்கு நினைவூட்டிய பழைய வரலாறு ஒன்றைப் பற்றியும் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியன். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் வாழ்கிறேன். மேற்கே ஏலகிரி, கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர். இரண்டிற்கும் இடையே கிடக்கும் செம்மண் நிலத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. இப்பகுதி வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 28-இல். புதிய மாவட்டம் பிறந்து நான்கு திங்கள் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது.

காரணமின்றி வெளியில் நடமாடலாகாது என்பது அரசின் ஆணை. உழவுத் தொழிலுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆகவே, மும்முனை மின்சாரம் வரும் காலை வேளையில் கிணற்று மோட்டாரைப் போட்டு, தென்னைக்கும் கேழ்வரகுக்கும் நீர் பாய்ச்சிவிட்டு வருவது என் உரிமையாயிற்று. வீட்டிலிருந்து கிணற்றுக்குச் சாலை வழியே சென்றால் கால்மணி நேரம். கானாற்றின் கரையோடு சுற்றிச் சென்றால் முக்கால் மணி நேரம். நான் எவ்வழியே சென்றிருப்பேன் என்பதை உங்கள் ஊகத்திற்கே விட்டுவிடுகிறேன்.

சரித்திரம் படித்தவனுக்கு அவ்வாணையிலும் பழைய வாசனை ஒன்று அடித்தது. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டில் ஆங்கில அரசு கொள்ளை நோய்ச் சட்டம் ஒன்றை அவசரமாக இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையே 2020-லும் அரசுகள் எடுத்துப் பயன்படுத்தின. மக்களை அடங்கியிருக்கச் சொல்லும் சட்டங்களுக்கு ஆயுள் அதிகம் போலும்!

இனி, நாயின் வரலாற்றுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரின் எல்லையில் தோல் பதனிடும் சிறு தொழிற்சாலை ஒன்று உண்டு. அதன் காவலர் ஜார்க்கண்டு மாநிலத்திலிருந்து வந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை ஹோலிப் பண்டிகைக்குத் தம் ஊர் செல்வார். அவ்வாண்டும் மார்ச்சுத் தொடக்கத்தில் சென்றார். பண்டிகை முடிந்து திரும்பிவிடலாம் என்று எண்ணித்தான் சென்றார். மார்ச்சு 22-ஆம் நாள் நள்ளிரவோடு பயணிகள் இரயில்கள் நாடெங்கும் நின்றுவிட்டன. இந்த நாட்டின் இரயில் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அடுத்த சில நாட்களில் தொழிற்சாலையும் மூடப்பட்டது. உள்ளூர்த் தொழிலாளர் தத்தம் வீடுகளில் அடங்கினர். காவலர் வளர்த்து வந்த செவலை நிற நாய் மட்டும் பூட்டிய இரும்புக் கதவின் முன் படுத்திருந்தது.

முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தும் கடந்து சென்றேன். நாய்களிடமிருந்து நோய் தொற்றும் என்ற வதந்தி அப்போது வேகமாகப் பரவியிருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படித்தவன் நானும் அதற்கு அஞ்சினேன். சாலையோரச் சிற்றுண்டிக் கடைகள் மூடிக் கிடந்தமையால் தெரு நாய்களுக்கு எச்சில் இலையும் இல்லை. நான்காம் நாள் அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. கேழ்வரகுக் களியில் மோர் விட்டுக் கரைத்து ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுபோய் வைத்தேன். குடித்தது. குடித்துவிட்டு மீண்டும் கதவண்டையே படுத்துக்கொண்டது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ எழுந்து என் பின்னே வந்தது.

அதன் பெயர் எனக்குத் தெரியாது. மணி என்றேன், செவலை என்றேன், இராஜா என்றும் அழைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் அது திரும்பவில்லை. வேறு மொழியில் வேறொருவர் இட்ட பெயர் ஏதோ ஒன்று அதற்கு இருந்தது. அதை வாங்கித் தருவார் எவரும் அருகில் இல்லை.

பங்குனியின் இறுதியும் சித்திரையும் எங்கள் பக்கத்தில் அழகிய காலம். புங்க மரங்கள் பழைய இலைகளை உதிர்த்து மெருகிட்டாற்போன்ற தளிர்களோடு நிற்கும். வேப்பம்பூ வரப்பெல்லாம் உதிர்ந்து கிடக்கும். புளியம்பழம் உலுக்கும் பருவமும் அதுவே. அவ்வாண்டு உலுக்க வந்த ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி நின்று உலுக்கினார்கள். மற்றக் காலங்களில் காலைக் காற்று வீசினால் தோலின் நெடி வரும். அந்நாட்களில் அது இல்லை. ஏலகிரியின் பாறை மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. அமைதியான விடியற்காலையில் வடக்கே இரயில் பாதையின் ஓசை கேட்பது வழக்கம். எப்போதேனும் செல்லும் சரக்கு வண்டியைத் தவிர அந்த ஓசையும் இல்லை. நாய் முன்னே ஓடும். கானாற்றின் வறண்ட மணலை மோந்து பார்க்கும். மயில் இறங்கிய நிலக்கடலைக் கொல்லையைக் கண்டால் காதை விறைத்து நிற்கும். எனக்கோ பார்க்க நேரம் இருந்தது. முப்பது ஆண்டுகள் மிதிவண்டியில் விரைந்து கடந்த வழியை அப்போதுதான் நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அவ்வழியில், பாதி தூரத்தில், ஒரு புளிய மரத்தடியில் வேடியப்பன் இருக்கிறார்.

செங்கம், தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரங்களில் நீங்கள் எங்கே சென்றாலும் வேடியப்பனைக் காணலாம். பெரும்பாலும் அவர் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பலகைக் கல். ஒரு கையில் வில்லோ வாளோ கொண்ட வீரன் ஒருவனின் உருவம் அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஊரார் எண்ணெய் பூசி, பொங்கலிட்டு வணங்குவர். எந்தத் தெய்வம் இது என்று கேட்டால், "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது" என்பர். உண்மையில் அக்கற்களிற் பல நடுகற்கள். போரில், குறிப்பாக ஆநிரை கவரவும் மீட்கவும் நடந்த பூசல்களில், உயிர் நீத்தவனுக்காக நடப்பட்ட கற்கள் அவை. ஒருவனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் அந்தச் சடங்குகளின் எச்சமே எண்ணெயும் பொங்கலும்.

இங்கே மாட்டுக்காக மனிதர் உயிர் கொடுத்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். இந்த நிலத்தைப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஆறுகளில் நீர் ஓடும் நாட்கள் சில. மேய்ச்சல் காடுகள் மிகுதி. நெல்லை நம்பும் காவிரிக் கரையில் நிலம் செல்வம். இங்கே மாடே செல்வம். அச்செல்வமோ கால் உள்ள செல்வம். இரவோடிரவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்! திருப்பத்தூருக்கு அருகில் உள்ள பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மெருகேற்றிய கற்கோடரிகளும் கையால் வனைந்த மட்கலங்களும் கொள்ளு, பாசிப்பயறு முதலிய கரிந்த தானியங்களும் கிடைத்தன. இரும்பை அறியாத புதிய கற்கால மக்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் குடியிருந்திருக்கின்றனர். அத்தகைய பழங்குடிகள் வாழ்ந்த இடங்களுள் காஷ்மீரத்துப் பர்சஹோமில் மனிதரோடு நாயையும் புதைத்திருக்கக் கண்டார்கள். மனிதன் மந்தை சேர்த்த இடத்தில் எல்லாம் நாயும் சேர்ந்தது.

எங்கள் புளிய மரத்தடிக் கல்லில் எழுத்து ஏதும் தெரியவில்லை. எண்ணெயும் காலமும் சேர்ந்து முகத்தையும் மழுக்கிவிட்டன. ஒரு நாள் காலை, நான் கல்லின் எதிரே அமர்ந்திருக்க, நாய் அக்கல்லின் நிழலில் போய் முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது. அப்போதுதான் எடுத்தனூர் என் நினைவிற்கு வந்தது.

எடுத்தனூர் செங்கம் வட்டாரத்தில், ஜவ்வாது மலைக்குத் தெற்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஊர். 1989 வரை அதுவும் எங்கள் திருப்பத்தூரும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தவை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஊர் ஊராகச் சென்று படியெடுத்து, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லும் ஒன்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது.

அது கூறும் செய்தி எளிது. வாண அரசர் ஒருவரின் மருமகனான பொற்சேந்தியார் என்பவரின் சேவகன் ஒருவன். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் நீத்தான். அவனுக்கு எடுத்த கல் இது. இவ்வளவோடு நின்றிருந்தால் நூற்றுக்கணக்கான நடுகற்களுள் ஒன்றாகவே அது இருந்திருக்கும். ஆனால் கல்லில் வீரனோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அதற்கெனத் தனியே ஒரு வாசகமும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அது தெரிவிக்கிறது.

காத்து நின்றது எதை என்று கல் சொல்லவில்லை. எருமை மந்தையையா, விழுந்து கிடந்த தலைவனின் உடலையா? இரண்டையும் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் எண்ணம். கல்லை எடுத்தவர்கள் விடிந்தபின் அங்கே வந்திருக்க வேண்டும். அவர்கள் கண்ட காட்சியில் நாயும் இருந்தது. கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தார்கள்.

நண்பர்களே, அக்காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகேந்திரவர்மன் காலத்தில் வாழ்ந்தவர்களுள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? மன்னர் சிலர், அடியார் சிலர். கோடானுகோடி மக்கள் பெயரின்றி மறைந்தனர். மகேந்திரனின் பாட்டரசியின் பெயரை யாரேனும் கேட்டால் நான் விழிப்பேன். எடுத்தனூர் எருமைக் கொட்டிலில் இருந்த ஒரு நாயின் பெயர் மட்டும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. இதில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. அம்மன்னன் வடமொழியில் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகம் ஒன்று எழுதினான். காபாலிகன் ஒருவனின் மண்டையோட்டுக் கலம் காணாமற் போகிறது. அவன் பௌத்தத் துறவி மீது ஐயுற்று வழக்காடுகிறான். முடிவில் கலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்று தெரிய வருகிறது. காஞ்சியின் அரசவையில் நாய் திருடனாயிற்று. அதே அரசனின் ஆட்சியில், மலையடிவாரத்துக் குடியானவர்களின் கல்லில், நாய் திருடரைப் பிடித்தது. நாயை யார் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொரு நாய்க்கும் கல் எடுத்தார்கள். அதன் கதையும் எங்கள் பழைய வட ஆர்க்காட்டைத் தொட்டுச் செல்கிறது. 949-ஆம் ஆண்டில் தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் பெரும் போர் நடந்தது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள ஊர் அது. அப்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மீதிருந்தவாறே மாண்டான். வென்ற பக்கத்தில் நின்று போரிட்ட மணலேரன் என்னும் கன்னட வீரனுக்கு, வேண்டும் பரிசைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை, காளி என்ற நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு வேட்டையில் காளி பெரிய காட்டுப் பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் அதற்குக் கல் நட்டு, வழிபாட்டிற்கு நிலமும் விட்டான். தக்கோலப் போரைப் பற்றி ஆராய்வோர் இன்றும் நாடும் முதன்மையான சான்று அந்தக் கல்வெட்டு. சோழப் பேரரசு கண்ட பெருந்தோல்வியின் விவரத்தை நமக்குக் காத்துத் தந்தது ஒரு நாயின் நினைவுக்கல்! அது இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றுலா செல்லும் மாணவர் தவறாது காண வேண்டும்.

இவற்றை எண்ணியவாறே நான் நாள்தோறும் நடந்தேன். திரும்பும் வழியில் தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் வரும். சுவரை ஒட்டி ஆவாரஞ்செடிகள். முன்னாளில் இப்பகுதியில் தோலைப் பதனிட ஆவாரம்பட்டையும், ஜவ்வாது மலைக் கடுக்காயும் பயன்பட்டன. அவ்வாறு பாதி பதனிட்ட தோல் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது. 1970-களில், முடிக்கப்பெற்ற தோலாகவும் காலணியாகவும் ஏற்றுமதி செய்வதே நன்று என்று அரசு கொள்கை வகுத்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் வளர்ந்தன, குரோமிய உப்பு மிகுந்தது, பாலாறு கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. சட்டம் பயிலும் மாணவர் நாடெங்கும் அவ்வழக்கைப் படிக்கின்றனர். ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்று தோலைப் புரட்டிய தொழிலாளி ஒருவனின் பெயரையேனும் படிக்கின்றோமா? எருமையைக் காத்து இறந்தவனுக்கு இந்த மலையடிவாரம் கல் எடுத்தது. எருமைத் தோலை உலகம் அணியச் செய்தவனுக்கு வருகைப் பதிவேட்டில் ஓர் எண் இருக்கும். பதிவேடு நிரம்பினால் அதுவும் இராது.

இதை நான் பிறரைக் குறை கூறச் சொல்லவில்லை. அந்தக் காவலர் எங்கள் ஊர் எல்லையில் நான்கு ஆண்டுகள் இருந்தார். நாள்தோறும் எனக்கு வணக்கம் சொன்னார். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. அவருடைய நாயின் பெயர் தெரியவில்லையே என்று ஏங்கிய போதுதான் அது என் நெஞ்சில் உறைத்தது.

தோக்கியோ நகரத்துச் சிபுயா இரயில் நிலையத்தில் ஹச்சிகோ என்ற நாய் காத்திருந்த கதையை நீங்கள் அறிவீர்கள். அதன் தலைவரான பேராசிரியர் 1925-இல் இறந்தார். நாய் 1935-இல் இறக்கும் வரை நிலையத்திற்கு வந்து காத்திருந்தது. அது உயிரோடு இருக்கும்போதே 1934-இல் அதற்குச் சிலை வைத்தார்கள். எங்கள் செவலை அவ்வளவு பெருமைக்கு உரியதன்று. என் வீட்டில் உண்டது. என் திண்ணையில் பகல் உறக்கம் கொண்டது. என் மனைவியின் கோழிகளை இருமுறை விரட்டி வசை கேட்டது. ஆனால் ஒவ்வொரு மாலையும் விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து, பூட்டிய கதவின் முன் சென்று படுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் அங்கேயே இருக்கும். விடியலில் நான் வரும் வரை எழாது. உள்ளே காக்க ஒன்றும் இல்லை. காய்ந்த தோல் சிலவும் இயங்காத உருளைகளும்தாம். அது காத்துக்கொண்டுதான் இருந்தது.

மே மாதத்தில் சிறிது சிறிதாகத் தொழிற்சாலைகள் திறந்தன. வேறொரு காவலர் வந்தார். நாய் அவரை மோந்து பார்த்துவிட்டு விலகிப் படுத்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. செப்டம்பரில் பேருந்துகளும் சில இரயில்களும் ஓடத் தொடங்கின.

அக்டோபர் மாதம் ஒரு நாள் காலை நான் வழக்கம்போல் சுவரோரமாக வந்தேன். கதவண்டையில் நாய் இல்லை. சாலையின் வளைவில், தோளில் ஒரு பையோடு, மிகவும் மெலிந்து போயிருந்த ஒருவர் வந்துகொண்டிருந்தார். நாய் அவரை நோக்கிப் பாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கூவினார்: "ஷேரு!"

என் தமிழ்ச் செவிக்கு அது "சேரு" என்றே கேட்டது. வா, வந்து சேர் என்று கட்டளையிடுகிறார் எனக் கருதினேன். பிறகுதான் அது பெயர் என்று அறிந்தேன். அன்று அவருடைய பெயரையும் கேட்டு அறிந்தேன். அதை வானொலியில் சொல்ல அவரிடம் இசைவு பெறவில்லை. ஆதலால் இங்கே கூறவில்லை.

மறுநாள் விடியலில் நான் தனியே கிணற்றுக்குப் புறப்பட்டேன். தொழிற்சாலையைக் கடக்கும்போது நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு என் பின்னே வந்தது. வேடியப்பன் கல் வரை வந்தது. அங்கே நின்று, சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, வந்த வழியே கதவண்டைக்குத் திரும்பிச் சென்றது. அன்று முதல் அதுவே அதன் வழக்கமாயிற்று.